மண்ணுக்கும் ஒரு கணக்கு

பணத்துக்குக் கணக்கு வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் 2006-இல் தன் மண்ணுக்கே கணக்கு வைக்கத் தீர்மானித்தது.

கார் தொழிலுக்குப் பேர்போன அந்த ஊரைச் சுற்றிக் குன்றுகள். காற்றோட்டம் குறைவு. தாரும் கான்கிரீட்டும் மூடிய தரை பகல் வெயிலைத் தேக்கி, இரவில் வெளியே விடுகிறது. மழைநீரும் உள்ளே இறங்குவதில்லை.

அதனால் மாநகராட்சி, மண்ணின் தரத்தை 0 முதல் 5 வரை மதிப்பிட்டு வரைபடம் தயாரித்தது. நிலத்தின் பரப்பைத் தரத்தால் பெருக்கினால் வருவது அதன் புள்ளி. வளமான மண்மேல் கட்டடம் எழுந்தால் புள்ளி குறையும். மூடிய தரையைப் பெயர்த்து மண்ணை மீட்டால் கூடும். ஆகவே வயல்வெளியை விட்டுவிட்டு, கைவிடப்பட்ட பழைய தொழிற்சாலை நிலங்களில் கட்டுவதே ஊருக்கு லாபம்.

மீட்பது லேசான வேலை இல்லை. தாரைப் பெயர்க்க வேண்டும், அடியில் கிடக்கும் ஜல்லியை அள்ள வேண்டும், நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு இறுகிய மண்ணைக் கிளறி, மேல்மண் பரப்பிச் செடி வைக்க வேண்டும். இத்தனை செய்தாலும் பழைய வளம் திரும்பப் பல ஆண்டுகள் ஆகும்.

ஒரு சென்டிமீட்டர் மண் இயற்கையாக உருவாகவே நூறாண்டுக்கு மேல் பிடிக்கலாம்!

நம் ஊரிலும் வாசல் முதல் கொல்லை வரை சிமெண்ட் பூசுகிறோம். அடுத்த முறை கொத்தனாரை அழைக்கும்போது, மரத்தைச் சுற்றியாவது கொஞ்சம் மண்ணைத் திறந்து விடச் சொல்லுங்கள்.