மார்கழிக் காலையும் நம் மூச்சும்

(சங்கத்தின் மார்கழி மாதப் பொதுக்கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற நெஞ்சக நோய் மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

"காற்று மாசு பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். டெல்லியைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருந்தால் மன்னிக்கவும். நம் வளாகத்தின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு எரிகிறதே ஒரு சருகுக் குவியல், அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் என் அம்மா கதை. அம்மா பிறந்து வளர்ந்தது பிள்ளையார்பாளையத்தில். வீட்டுக் கொல்லையிலேயே பட்டு நூல் காய்ச்சி சாயம் ஏற்றுவார்கள். பெரிய செப்பு அண்டாவில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து, நூலின் பசையை எடுப்பார்கள். அண்டாவுக்கு அடியில் விறகு. கல்யாணமாகி வந்த வீட்டிலும் விறகடுப்புதான். பீடி, சிகரெட் வாசனைகூட அவளுக்கு ஆகாது. ஐம்பத்தைந்து வயதில் மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று நின்று ஏற ஆரம்பித்தாள். "வயசாயிடுச்சு" என்றோம். இத்தனைக்கும் நான் அப்போது டாக்டர்! ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதிப் பார்க்கும் சோதனையைச் செய்தபோது, இருக்க வேண்டிய மூச்சில் பாதிதான் இருந்தது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சி.ஓ.பி.டி. புகை பிடிக்காதவர்களுக்கு, முக்கியமாக நம் நாட்டுப் பெண்களுக்கு, இது வருவதற்கு அடுப்புப் புகை ஒரு பெரிய காரணம். போன மூச்சு மருந்தால் முழுசாகத் திரும்பி வராது. மிச்சத்தைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான்.

புகையில் நம் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்துக்கொள்ளும்; தும்மினால், இருமினால் வெளியே போய்விடும். பி.எம். 2.5 என்று செய்தியில் சொல்கிறார்களே, அது தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் சிறிய துகள். அது நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போய் உட்காரும். அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் புகை மண்டிய நாட்களில் ஆஸ்துமாக்காரர்களோடு நெஞ்சுவலிக்காரர்களும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். கருவில் இருக்கும் குழந்தையையும் இது விடுவதில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளிடம் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் துகள் கூடக் கூட பிறக்கும் குழந்தையின் எடை குறைவதைக் கண்டார்கள்.

ஒரு கன மீட்டர் காற்றில் இந்தத் துகளின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. நம் நாட்டு வரம்பு 40. ஆகவே "லிமிட்டுக்குள்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எந்த லிமிட் என்று கேளுங்கள்.

வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கல் குவாரி, கிரஷர்களிலிருந்து தார்ப்பாய் மூடாமல் வரும் டிப்பர் லாரிகள், பெங்களூரு நெடுஞ்சாலை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் எல்லாம் உண்டுதான். அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் நம் ஜன்னலிலிருந்து முப்பது அடியில் எரிகிற நெருப்புக்கு யாரிடம் மனு கொடுப்பது?

அதுவும் மார்கழியில். இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே இருப்பது அதைவிடச் சூடு. பானைக்கு மூடி போட்ட மாதிரி புகை மேலே போகாமல் கீழேயே படுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால்தான் கலையும். சரியாக அந்த நேரத்தில்தான் நாம் கோலம் போடுகிறோம், வாக்கிங் போகிறோம், கோயிலுக்குக் கிளம்புகிறோம். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் தை முடியும் வரை எட்டு மணிக்கு மேல் நடங்கள்.

சருகு எரிப்பவரைத் திட்டாதீர்கள். நாம்தான் அவருக்குக் குப்பை போட இடம் தரவில்லை. அந்தக் குவியலில் பால் கவர், தெர்மாகோல் எல்லாம் கிடப்பதை நானே பார்த்தேன், போட்டது நாம். குப்பையை எரிக்கக் கூடாது என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். மேற்கு மூலையில் ஆறடிக்கு நாலடி குழி ஒன்று வெட்டினால் சருகு உரமாகும். இதற்கு இன்றே தீர்மானம் போடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

போகிக்கும் அதேதான். 2018 போகி அன்று புகை மூட்டத்தில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பி விடப்பட்டன. நம் வாசலில் பழைய பாயும் டயரும் எரிந்தால் எந்த விமானமும் திரும்பாது. மூன்று மாடியிலும் நெபுலைசர்தான் ஓடும். பழைய துணியைச் சேர்த்துக் கொடுத்துவிடலாம். பிள்ளைகள் மேளம் தட்டட்டும், அது என் தூக்கத்தை மட்டும்தான் கெடுக்கும்.

வீட்டுக்குள் ஒன்று. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மூடிய படுக்கையறையில், குழந்தையின் கட்டிலுக்குக் கீழே! கொசுவலை வாங்குங்கள்.

கடைசியாக, இன்ஹேலர். "பம்ப் பழகிட்டா விட முடியாது" என்று சொல்லி மாத்திரை கேட்பவர்களை முப்பது வருஷம் பார்த்துவிட்டேன். இன்ஹேலரில் மருந்து மைக்ரோகிராம் கணக்கில் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மாத்திரை மில்லிகிராம் கணக்கில் உடம்பெல்லாம் சுற்றி வருகிறது. எது மேல்?

மூன்று வாரத்துக்கு மேல் இருமல், படி ஏறினால் இரைப்பு, ராத்திரியில் விசில் சத்தம், இதில் எது இருந்தாலும் வயசு என்று விடாதீர்கள். பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றும், ஆளுக்கொன்றாக அட்டைக் குழாய்களும் கொண்டு வந்திருக்கிறேன். உயரமும் வயதும் சொல்லிவிட்டு ஊதுங்கள். காபி வர இன்னும் கால் மணி ஆகுமாம். முதலில் ஏ பிளாக் வரட்டும்.