தரவுத்தளப் பரீட்சையும் நம்பத்தகுந்த வழிகாட்டி நூலும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பாடசாலையின் பழம்பெருமையைப் பேச என்னைவிட மூத்த அக்காமார் இங்கே இருக்கிறார்கள். நான் தங்கைமார் சிலர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லலாமென்று வந்திருக்கிறேன். “தரவுத்தள நிர்வாகிக்கான சான்றிதழ்ப் பரீட்சை எழுதப் போகிறோம். எந்தப் புத்தகத்தை நம்பிப் படிப்பது?” என்பதுதான் அந்தக் கேள்வி.

இதை ஒரு வைத்தியரிடம் ஏன் கேட்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். இன்று வைத்தியசாலைகளிலும் நோயாளர் விபரங்கள் கணினிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வைத்தியர்களுக்கே உயிர்மருத்துவத் தகவலியலில் முதுமாணிக் கற்கை நடத்துகிறது. ஒரு நோயாளிக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்ற குறிப்பு தரவுத்தளத்தில் இருந்தால், அதைக் காப்பாற்றி வைத்திருப்பவரும் எங்களோடு சேர்ந்து அந்த உயிரைக் காப்பவர்தான். அவர் எதைப் படித்துச் சித்தியடைந்தார் என்பதில் எனக்கு அக்கறை உண்டு.

எங்கள் தீவுப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியமானது. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருக்கிற பிள்ளை படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய், வகுப்பு முடிந்ததும் திரும்பிப் படகைப் பிடிக்க ஓடவேண்டும். அவளுக்குப் புத்தகம்தான் ஆசிரியர். அந்த ஆசிரியர் பிழையாகச் சொன்னால் திருத்திவிடப் பக்கத்தில் ஆளில்லை. பரீட்சைக் கட்டணமும் டொலர்க் கணக்கில் வருகிறது. வீட்டார் எத்தனை செலவைச் சுருக்கி அதைக் கட்டுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

முதலில் நமது பழக்கம் ஒன்றைப் பார்ப்போம். க.பொ.த. உயர்தரத்துக்கு நாமெல்லோரும் கடந்தகால வினாத்தாள் செய்துதான் படித்தோம். அது நல்ல பழக்கம். அந்த வினாத்தாளைப் பரீட்சைத் திணைக்களமே வெளியில் விடுகிறது; புள்ளித் திட்டத்தையும் வெளியிடுகிறது. சான்றிதழ்ப் பரீட்சை அப்படியல்ல. மைக்ரோசொப்ட், ஒரக்கிள் போன்ற நிறுவனங்கள் பரீட்சையில் வந்த வினாக்களை வெளியிடுவதில்லை. வினாக்களை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பின்னரே ஒருவர் பரீட்சைக்கு உட்காருகிறார். அப்படியிருக்க, “உண்மையான வினாக்கள், 100 வீதம் சித்தி” என்று ஒருவர் விற்றால், அவை களவாக எடுத்தவையாக இருக்கவேண்டும், அல்லது அவராக எழுதியவையாக இருக்கவேண்டும். களவானால் அதை வைத்துப் படித்தவரின் சான்றிதழையே பறிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அவராக எழுதியதானால் விடை சரியென்பதற்கு யாரும் பொறுப்பில்லை. உயர்தரத்தில் நமக்குக் கைகொடுத்த பழக்கம் இங்கே நம்மை ஏமாற்றுகிறது. இதைத் தங்கைமார் நன்றாக மனதில் இருத்த வேண்டும்.

அப்படியென்றால் எதைப் படிப்பது?

புத்தகம் தேடுமுன் பாடத்திட்டத்தைத் தேடுங்கள். உதாரணத்துக்கு, மைக்ரோசொப்டின் தரவுத்தள நிர்வாகிப் பரீட்சை டி.பி.-300. அதற்குரிய வழிகாட்டியை நிறுவனமே இலவசமாகத் தருகிறது. எந்தத் திறன்கள் சோதிக்கப்படும், ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை வீதம், அண்மையில் எது மாறியது என்பதெல்லாம் அதில் இருக்கும். மாதிரிப் பயிற்சி வினாக்களும் இலவசம். 1000க்கு 700 எடுத்தால் சித்தி. அந்தப் பட்டியலைக் கொப்பியில் எழுதி, வாங்கப்போகும் நூலின் பொருளடக்கத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பட்டியலில் பாதி நூலில் இல்லையென்றால் அது எவ்வளவு தடித்த நூலானாலும் வேண்டாம்.

அடுத்தது ஆண்டு. எங்கள் தொழிலில் மருந்தளவு பார்க்கும் பிரித்தானிய மருந்துக் கைநூல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக அச்சாகிறது. பத்து வருடப் பழைய பிரதியைப் பார்த்து மருந்து எழுத யாரும் துணியமாட்டார்கள். கணினித் துறையும் அப்படித்தான். மைக்ரோசொப்டின் எம்.சி.எஸ்.ஏ. சான்றிதழ்கள் 2021 ஜனவரி 31இல் நிறுத்தப்பட்டன. அவற்றுக்காக எழுதிய நூல்கள் பழைய புத்தகக் கடைகளில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் அடிப்படை அறிவு உண்டு. ஆனால் அவை எந்தப் பரீட்சைக்காக எழுதப்பட்டனவோ அந்தப் பரீட்சைகள் இன்றில்லை. வெளிநாட்டிலிருந்து அன்போடு புத்தகம் அனுப்பும் அக்காமாரிடமும் ஒரு வேண்டுகோள்: பெட்டியில் போடுமுன் பரீட்சை இலக்கத்தையும் பதிப்பாண்டையும் ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவது, நூலைச் சோதித்துப் பார்ப்பது. ஊர்காவற்றுறைச் சந்தையில் நம் அம்மாமார் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குவார்களா? நூலுக்கும் செவுள் உண்டு. ஒரு கேள்வி சொல்கிறேன். ஞாயிறன்று தரவுத்தளம் முழுவதற்கும் காப்புப்பிரதி, அதாவது பேக்கப், எடுக்கிறோம். ஒவ்வொரு இரவும், ஞாயிறுக்குப் பின் மாறியவற்றுக்கு வேறுபாட்டுப் பிரதி எடுக்கிறோம். மணிக்கொரு தடவை நடவடிக்கைப் பதிவின் பிரதி எடுக்கிறோம். வியாழன் பகல் சேர்வர் பழுதாகிவிட்டது. எவற்றை எந்த ஒழுங்கில் மீட்பது? ஞாயிறு முழுப்பிரதி, பின் புதன் இரவின் வேறுபாட்டுப் பிரதி மட்டும், அதன்பின் எடுத்த பதிவுப் பிரதிகள் ஒன்றும் விடாமல் வரிசையாக. திங்கள், செவ்வாய்ப் பிரதிகள் தேவையில்லை. அவற்றிலுள்ள மாற்றங்கள் புதன் பிரதிக்குள் இருக்கின்றன. நல்ல நூல் இந்தக் காரணத்தைச் சொல்லும். “விடை: சி” என்று மட்டும் சொல்லும் நூலைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

காரணத்தைப் படித்தது போதாது. செய்தும் பார்க்க வேண்டும். படிப்பதற்கென்று எஸ்.கியூ.எல். சேர்வரின் ஒரு பதிப்பு இலவசம். ஒரக்கிளிலும் இலவசப் பதிப்பு உண்டு. போஸ்ட்கிரெஸ் முழுவதுமே இலவசம். உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் படித்த எஸ்.கியூ.எல். தொடங்குவதற்குப் போதும். ஒரு சிறு தரவுத்தளத்தை உருவாக்கி, பிரதி எடுத்து, துணிந்து அழித்து, மீட்டுப் பாருங்கள். நூல் சொன்னதும் திரையில் கண்டதும் ஒத்துவந்தால் அந்த நூலை நம்பலாம். இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் இடத்திலும் இதைச் செய்யலாம். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

ஆங்கிலத்துக்குப் பயப்படுகிற தங்கைமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பரீட்சை தமிழில் இல்லை. தமக்கு வசதியான மொழியில் பரீட்சை இல்லாதவர்கள் 30 நிமிடம் கூடுதலாகக் கேட்க மைக்ரோசொப்ட் இடம் தருகிறது. பதிவு செய்யுமுன்னரே அதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

குறுக்குவழி நூலால் ஒருவர் சித்தியடையவும் கூடும். ஆனால் ஒருநாள் நள்ளிரவில் வைத்தியசாலையின் சேர்வர் நின்றுபோகும். அப்போது நான்கு விடைகளைத் தந்து ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்ல யாரும் வரமாட்டார்கள். நோயாளி விடுதியில் இருப்பார், தாதி தொலைபேசியில் இருப்பார், வைத்தியர் காத்திருப்பார். அந்த நேரத்தில் கைகொடுப்பது தன் கையால் மீட்டுப் பழகிய அறிவு மட்டும்தான்.

நிறைவாகச் சங்கத்துக்கு ஒரு யோசனை. நூற்றாண்டு நினைவாகப் பாடசாலை நூலகத்தில் ஓர் அலுமாரியைத் தொழிற்சான்றிதழ் நூல்களுக்கு ஒதுக்குவோம். இத்துறையில் வேலை செய்யும் சகோதரிகள் இருவர் பார்த்துச் சரியென்று சொன்ன நூல்கள் மட்டும் அதில் இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை பழையதை எடுத்துப் புதியதை வைப்போம். நெடுந்தீவுத் தங்கையொருத்தி படகில் வந்து நூலொன்றை எடுத்துச் சென்றால், அது நம்பத்தகுந்த நூல் என்ற நிம்மதியோடு அவள் திரும்பிப் போகவேண்டும்.