உயிரோடிருப்பவரின் வரலாறு

(பாகூர், வில்லியனூர் கொம்யூன் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'எனக்குப் பிடித்த நடிகர்' என்று எட்டாம் வகுப்புக்குத் திட்டப்பணி கொடுத்தால், பிள்ளைகள் அப்பாவின் கைப்பேசியில் விக்கிப்பீடியாவைத்தான் திறக்கிறார்கள். திறக்கட்டும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் நம் ஆசிரியர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ராஜராஜனைப் பற்றி எழுதுவதும் இன்று நடித்துக்கொண்டிருப்பவரைப் பற்றி எழுதுவதும் ஒன்றல்ல. இவருக்குக் குடும்பம் இருக்கிறது. நாளைக்கும் வாய்ப்பு வர வேண்டும்.

'கரகாட்டக்காரன்' கதாநாயகி கனகாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2013 ஜூலையில், அவர் புற்றுநோயால் ஆலப்புழையில் இறந்துவிட்டார் என்று செய்தி பரவியது. ஒருவர் சொன்னதைப் பார்த்து அடுத்தவர் சொன்னார். கடைசியில் அவரே சென்னையில் செய்தியாளர்களைச் சந்தித்து, தாம் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. 'பத்து இடத்தில் போட்டிருக்கிறது சார்' என்று பிள்ளைகள் சொல்லும்போது நான் இதைத்தான் சொல்வேன். பத்தும் ஒரே இடத்தைப் பார்த்து எழுதியிருந்தால் சான்று ஒன்றுதான். அந்த ஒன்றும் பொய்யாக இருக்கலாம்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலருக்கும் கென்னடி கொலைக்கும் தொடர்பிருப்பதுபோல 2005இல் யாரோ ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதிவைத்தார். நான்கு மாதம் அது அப்படியே கிடந்தது. அந்த ஆண்டின் இறுதியில்தான், வாழும் மனிதர்களுக்கென்று அங்கே தனிக் கொள்கை வந்தது. ஒருவர் பெயரைக் கெடுக்கக்கூடிய வரிக்கு நம்பத்தகுந்த சான்று இல்லையென்றால், 'சான்று தேவை' என்று குறித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது; உடனே நீக்க வேண்டும். படம் வெளியான ஆண்டுக்குச் சான்று தேட நாளாகலாம், பரவாயில்லை. நோய், விவாகரத்து, வழக்கு, மரணம் இவற்றில் அந்தத் தயவு கிடையாது.

புகழ்ச்சிக்கும் சான்று கேட்க வேண்டும். விருது என்றால் அரசு அறிவிப்போ நாளிதழ்ச் செய்தியோ வேண்டும். பிறந்த ஊரை நடிகரே பேட்டியில் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். தம் படம் மாபெரும் வெற்றி என்று அவரே சொன்னால் எடுக்கக் கூடாது. (ரசிகர் மன்றத்துப் பையன்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.)

எங்கள் பிள்ளைகளை முதலில் சினிமாவுக்கு அனுப்பவில்லை. ஊரிலேயே இருக்கும் கூத்துக் கலைஞரிடம் அனுப்பினேன். எழுதியதை அவரிடமே படித்துக்காட்டச் சொன்னேன். முதல் வேடம் கட்டிய வயதைத் திருத்தினார். குடிப்பழக்கம் பற்றி அக்கம்பக்கத்தார் சொன்ன வரி வந்ததும் பேசாமல் இருந்துவிட்டார். படித்த பெண்ணே அதை அடித்தாள், நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் கைப்பேசியில் 'வரலாற்றைக் காட்டவும்' என்பதைத் தொட்டு, எந்த வரியை எப்போது யார் சேர்த்தார்கள் என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தேன்.

அந்தத் திட்டப்பணித் தாளின் படிகள் கொண்டு வந்திருக்கிறேன். வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்.