நம்மை வளர்த்தது பிரம்பா?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

மக்தப் மதரஸாவில் பிள்ளைகளை அடிக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், நம்மில் பலர் மார்க்கத்தையோ சட்டத்தையோ பார்ப்பதில்லை. நம் முதுகைத் தடவிப் பார்க்கிறோம். "நாம் வாங்காத அடியா? அந்த அடியால்தானே ஓதக் கற்றோம்" என்கிறோம். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் ஹஜ்ரத்" என்று வாப்பா நம்மை ஒப்படைத்ததைச் சிரித்தபடி நினைவுகூர்கிறோம்.

ஹஜ்ரத் நமக்குத் தந்தது பிரம்படி மட்டும்தானா? ஃபஜ்ருக்குப் பின் ஒவ்வொரு பிள்ளையையும் அருகில் அமர்த்தி, 'ஐன்' வராத நாவுக்குச் சலிக்காமல் சொல்லிக் கொடுத்தார். காய்ச்சல் கண்டால் ஓதிப் பார்த்தார். அந்த உழைப்பின் பலனையெல்லாம் பிரம்பின் கணக்கில் வரவு வைத்துவிட்டோம். அடி தவறு என்றால் வாப்பாவும் ஹஜ்ரத்தும் குற்றவாளிகளாகிவிடுவார்களோ என்ற தயக்கமும் நம் உள்ளத்தில் உண்டு. அவர்களுக்காக துஆச் செய்வது வேறு. அவர்களுடைய பிரம்பை வாரிசுரிமையாகப் பெறுவது வேறு. அடிக்குப் பயந்து பாதியில் ஓதலை நிறுத்தியவர்கள் இத்தகைய சபைகளில் எழுந்து சாட்சி சொல்வதுமில்லை.

நபி (ஸல்) அவர்கள் பேரர் ஹஸனை (ரலி) முத்தமிட்டதைக் கண்ட அக்ரஃ இப்னு ஹாபிஸ் (ரலி), தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். சிறுவராகச் சேர்ந்து பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை, நபியவர்கள் ஒருமுறைகூட 'சீ' என்று கடிந்ததில்லை.

"பத்து வயதில் தொழாவிட்டால் அடிக்கச் சொல்லியிருக்கிறதே" என்பர். அதே ஹதீஸில் ஏழு வயதிலிருந்து ஏவும்படி வந்துள்ளது. மூன்றாண்டுகள், நாளைக்கு ஐந்து வேளை. ஐயாயிரம் முறைக்கு மேல் அன்பாகச் சொன்ன பிறகு வருகிற பேச்சு அது. அதிலும் முகத்தில் அடிக்கக் கூடாது, காயப்படுத்தக் கூடாது என்று ஃபுகஹாக்கள் வரம்பிட்டனர். நாமோ ஏழு வயதுப் பிள்ளையை முதல் தவறிலேயே அடிக்கிறோம்!

1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், கடுமையில் வளரும் மாணவன் ஊக்கம் இழந்து, அடிக்கு அஞ்சிப் பொய்யும் பாசாங்கும் பழகுவான்; நாளடைவில் அதுவே அவன் இயல்பாகிவிடும் என்று எச்சரித்தார்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது. 2012இல் வந்த திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்திலிருந்து விலக்கியது. இதை அடிப்பதற்கான அனுமதி என்று கருதிவிடக் கூடாது. தம் பொறுப்பிலுள்ள குழந்தையை வதைப்பவரைத் தண்டிக்கும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் எல்லோருக்கும் பொதுவானது.

உஸ்தாத்மார்களைக் குறை சொல்வது எளிது. பிரம்பெடுக்காத உஸ்தாதைக் "கண்டிப்பில்லாதவர்" என்று நிர்வாகத்திடம் புகார் செய்வது யார்? பெற்றோர்களாகிய நாம்தான். நாற்பது பிள்ளைகளை ஒருவரிடம் விட்டுவிட்டு, அவர் குரல் உயராமல் ஓதிக் கொடுக்க வேண்டும் என்பதும் நியாயமன்று. ஆகவே, இரண்டாவது உஸ்தாதை நியமிப்பதற்கான சம்பளத்தை வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்குமாறு இப்பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.