மூச்சில் நுழையும் நுண்துகள்கள்
(உழவர் தின விழாவில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, "கிணற்று ஜி.ஐ. குழாய்க்கு வெல்டிங் வைத்த அன்று இரவு குளிர்காய்ச்சல் கண்டது. இரண்டு நாளில் தானே விட்டுவிட்டது. இது என்ன காய்ச்சல்?" என்று கேட்டார். அன்று நேரமில்லை. நானோ உரங்கள் 2021 முதல் கடைக்கு வந்துவிட்டதால், அக்கேள்வி இப்போது எல்லோருக்கும் உரியதாகிறது.

அக்குழாயின் மேற்பூச்சு துத்தநாகம். நெல்லுக்கு எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடுங்கள் என்று நாங்களே சொல்கிறோம். அதே துத்தநாகம் காய்ச்சல் தருவானேன்? துகளின் பருமன்தான் காரணம். வெல்டிங் சூட்டில் அது ஆவியாகி, காற்றுடன் கூடி, துத்தநாக ஆக்சைடு என்னும் வெண்புகையாகிறது. அதில் 100 நானோமீட்டருக்கும் சிறிய துகள்கள் ஏராளம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் நானோமீட்டர்.

பொடியாகப் பொடியாக மேற்பரப்பு பெருகும். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் ஆறு பக்கமும் சேர்த்து 6 சதுர சென்டிமீட்டர்தான். அதை ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் 6,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்! உடம்பின்மேல் வினைபுரிவது இந்தப் பரப்புதான்.

களத்துமேட்டுத் தூசி மூக்குச் சளியில் சிக்கித் தும்மலோடு போய்விடும். நுண்துகளோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை செல்கிறது. அங்குள்ள காவல் செல்கள் அதை விழுங்குகின்றன. செல்லுக்குள் இருக்கும் அமிலத்தில் துத்தநாக ஆக்சைடு கரைய, செல் தாங்காமல் நலிகிறது. அழற்சியூட்டும் பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. நான்கு முதல் பத்து மணி நேரத்தில் வாய் இனித்து, தொண்டை வறண்டு, நடுக்கம் பிடிக்கிறது. பால் குடித்தால் தீரும் என்பது பட்டறைப் பேச்சு. பால் வயிற்றுக்குப் போகிறது. புகை இருப்பதோ நுரையீரலில்.

காயமில்லாத தோல் இத்துகள்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெட்டுக்காயமும் பித்தவெடிப்பும் வழிவிடும். உணவோடு சென்றால் சிறுபகுதி குடற்சுவரைக் கடக்கலாம். உணவுக்கு வெண்மையூட்டும் டைட்டானியம் டை ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவிலிருந்து விலக்கியது.

எல்லா நானோவும் ஒன்றல்ல. யூரியா நீரில் கரைவது, நம் உடம்பிலேயே உண்டாவது. துத்தநாக ஆக்சைடு நீரில் கரையாதது. தெளிக்கும்போது துகள்கள் நீர்த்துளிக்குள் அடங்கியிருக்கும். பெரிய துளிகள் மூக்கோடு நின்றுவிடும். மிக மெல்லிய பனித்துளிபோல் தெளித்தால் துளி காற்றிலேயே உலர்ந்து, துகள் மிதக்கும். உலர்ந்த பொடியைக் கொட்டிக் கலப்பது அதைவிடக் கேடு.

ஆகவே பொடியை வாளி நீருக்கடியில் மெதுவாக அமிழ்த்திக் கலக்குங்கள். காற்று முதுகுப்பக்கம் இருக்கட்டும். தோள்துண்டை மூக்கில் கட்டுவதால் பயன் குறைவு. ஓரங்களில் காற்று நுழையும். முகத்தோடு பொருந்தும் என்-95 கவசம் அணியுங்கள். குழாயை வெல்டிங் வைக்குமுன், கவசத்தோடேயே, அவ்விடத்துப் பூச்சைத் தேய்த்து நீக்குங்கள். மோட்டார் அறைக்குள் வைக்காமல் வெளியில் வையுங்கள்.

பெரியவருக்கு ஒரு வார்த்தை. காய்ச்சல் இரண்டு நாளில் விடாவிட்டாலும், இடையில் மூச்சுத் திணறினாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காட்மியம் பூசிய இரும்பின் புகையும் முதலில் இப்படியே தொடங்கும். அது உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லாமல், முதல்நாள் வெல்டிங் வைத்ததையும் சொல்லுங்கள்.