கழுத்துச் சிரையில் உறையும் இரத்தம்



காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறைவது நம்மைக் காக்கும் ஏற்பாடு. உறையத் தகாத இடத்தில் உறைந்தாலோ, காவலே கேடாகிவிடுகிறது. தலையிலிருந்து இரத்தத்தை இதயத்துக்கு மீட்டுக்கொணரும் கழுத்துச் சிரையில் அவ்வாறு நேர்வதைப் பற்றி இன்று சிறிது காண்போம்.

இரத்த ஓட்டம் மந்தப்படுதல், சிரையின் உட்சுவர் பழுதுபடுதல், இரத்தத்தின் உறையும் இயல்பு மிகுதல் ஆகிய மூன்றும் இதற்கு அடிப்படை. மருந்து செலுத்தக் கழுத்துச் சிரையில் பொருத்தும் குழாயாலும், புற்றுநோயாலும் இது நேரலாம். உங்கள் வயதினர் சிறப்பாக அறியவேண்டிய காரணம் ஒன்று உண்டு. அது தொண்டை நோய்.

பிரெஞ்சு மருத்துவர் ஆந்திரே லெமியேர், காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகளால் இரத்தம் நச்சுற்ற 20 நோயாளரைப் பற்றி 1936-இல் எழுதினார். அவர்களுள் 18 பேர் மாண்டனர். தொண்டையிலிருந்து இக்கிருமி அருகிலுள்ள சிரையைத் தாக்கி, இரத்தத்தை உறையச் செய்கிறது. கிருமியேறிய கட்டியின் துணுக்குகள் நுரையீரலைச் சென்றடைகின்றன. இந்நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதன் அறிகுறிகள் யாவை? தொண்டை வலி கண்ட சில நாட்களில் குளிர் நடுக்கத்துடன் கடுங்காய்ச்சல். கழுத்தின் ஒரு பக்கத்தில் வலியும் வீக்கமும். பின்னர் மார்பு வலி, மூச்சுத் திணறல். சிரையில் இரத்தம் ஓடுகிறதா என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும். கட்டியின் அளவையும் பரவலையும் சி.டி. ஸ்கேன் தெளிவாக்கும். இரத்தத்தைச் சோதனைச்சாலையில் வளர்த்துக் கிருமியை இனங்காண்பர்.

கிருமிக்கொல்லி மருந்தைப் பல வாரங்கள் தருதலே முதன்மையான சிகிச்சை. சீழ் கட்டியிருந்தால் அதனை வெளியேற்றுவர். உறைவுத் தடுப்பு மருந்து கட்டி மேலும் வளராமல் தடுக்கும். ஆயினும் இரத்தக்கசிவு உண்டாக்கக்கூடும் ஆதலால், அதன் தேவையை மருத்துவரே நோயாளிக்கு ஏற்பத் தீர்மானிப்பார்.

பெனிசிலின் போன்ற மருந்துகள் வந்தபின் இந்நோய் அரிதாயிற்று; மருத்துவ உலகில் ‘மறக்கப்பட்ட நோய்’ என்றே பெயர் பெற்றது. இன்று காலத்தே கண்டறிந்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். மறதியால் விளையும் தாமதமே பேரிடர்.

தொண்டை வலி வந்தோர் அனைவரும் அஞ்சவேண்டியதில்லை. பெரும்பாலும் அது தானே தீரும். ஆயின் விடுதியில் உடன் தங்கும் தோழன் தொண்டை வலிக்குப்பின் நடுக்கமும் ஒரு பக்கக் கழுத்து வீக்கமுமாகக் கிடந்தால், “சாதாரணக் காய்ச்சல்தானே” என்று விட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.