முதுமையில் நீரிழிவும் நம் உணவும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



கிணறு வெட்டுதல், பாதை அமைத்தல், பள்ளிக்கூடம் கட்டுதல் ஆகியவற்றைப் பற்றியே வட்டார வளர்ச்சி அதிகாரி பேசுவது வழக்கம். இன்று அவர் சோற்றைப் பற்றியும் நோயைப் பற்றியும் பேச வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். நாம் அமைக்கும் பாதையில் நடப்பதற்கு முதியவருக்குக் கால் வேண்டும். நாம் கட்டும் பள்ளியில் பயிலும் பேரப் பிள்ளையைப் பார்ப்பதற்குக் கண் வேண்டும். அவ்விரண்டையும் ஓசையின்றிக் கவர்ந்து செல்லக்கூடியது நீரிழிவு நோய். ஆதலால் இதுவும் கிராம வளர்ச்சியைச் சேர்ந்த விஷயமேயாகும்.

நீரிழிவு பட்டணத்துச் செல்வர்களுக்கு வரும் நோய் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றிலும் அகலவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறக்குறைய 10 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு என்று கணக்கிட்டது. கிராமப்புறத்தில் வயது வந்தோர் 100 பேரில் சுமார் 9 பேருக்கு நீரிழிவு இருப்பதாக அதில் காணப்பட்டது. தமிழ்நாட்டில் நகரமும் கிராமமும் சேர்த்து 100-க்கு 14 பேருக்கு மேல் இருந்தனர். நம் மாவட்டமோ கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் மாவட்டம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைக் கண்ட மாவட்டம். நாம் விளைவிக்கும் பொருள்களே நம் உடலில் எவ்வாறு செலவாகின்றன என்பதை அறிந்துகொள்வது நமக்கு அவசியம்.

மடையும் வயலும்

இந்நோயின் தன்மையை விவசாயிகளாகிய உங்களுக்கு விளக்குவது எளிது. கோமுகி அணையிலிருந்து வாய்க்காலில் நீர் வருகிறது. மடையைத் திறந்தால்தான் அந்நீர் வயலுக்குள் பாயும். மடை அடைபட்டிருந்தால் வாய்க்கால் கரை புரண்டு ஓடும். வயலோ காய்ந்து கிடக்கும்.

நம் உடலிலும் நடப்பது இதுவே. நாம் உண்ணும் சோறும் கூழும் கிழங்கும் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தக் குழாயே வாய்க்கால், தசைகளே வயல். கணையம் என்னும் உறுப்பிலிருந்து சுரக்கும் இன்சுலின் மடையைத் திறந்துவிடுகிறது. இன்சுலின் குறைந்தாலும், அது இருந்தும் மடை சரிவரத் திறவாவிட்டாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி, நாளடைவில் கண், சிறுநீரகம், இருதயம், கால் நரம்புகள் ஆகியவற்றைக் கெடுக்கிறது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, மடையை இறுகச் செய்யும் காரணங்களுள் முக்கியமானது.

இவ்வுவமையிலிருந்து நாம் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தசையே வயலென்றால், தசை குறையக் குறைய ஆயக்கட்டும் குறைகிறது. வாய்க்கால் நீரை ஏற்றுக்கொள்ள வயல் இல்லாமற்போகிறது. முதுமையில் தசை இயல்பாகவே கரைந்து வருகிறது. அத்துடன் பட்டினியும் சேர்ந்தால் முதியவருக்கு வலுவிழப்பும் தள்ளாட்டமும் விழுந்து எலும்பு முறிதலும் நேரக்கூடும். ஆகவே வயோதிகத்தில் நீரிழிவுக்கு மருந்து, உணவைக் குறைப்பது மாத்திரமன்று, உணவை மாற்றியமைப்பதேயாகும்.

இளைத்தல் வேறு, மெலிதல் வேறு

வயிறு பெருத்திருப்பவர் சற்று இளைத்தல் நன்மையே. நம் நாட்டு மக்களுக்கு, இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மிகலாகாது என்பது மருத்துவர் கொண்டுள்ள அளவு. எடை மிகுந்தவர் தம் எடையில் 100-க்கு 5 முதல் 7 பங்கு குறைத்தாலே குணம் தெரியும். 70 கிலோ எடையுள்ளவர் ஆறு மாதத்தில் மூன்றரை முதல் ஐந்து கிலோ வரை குறைத்தால் போதும்.

இதன் பயனுக்குச் சான்று உண்டு. நீரிழிவின் எல்லையில் நின்றவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. உணவைத் திருத்தி, வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பு மேற்கொண்டு, எடையைச் சிறிது குறைத்தவர்களிடம் நோய் தோன்றுவது 100-க்கு 58 பங்கு குறைந்தது. 60 வயது கடந்தவர்களிடம் இப்பயன் இன்னும் மிகுதியாகக் காணப்பட்டது. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் நடை, உணவுத் திருத்தம் ஆகியவற்றின் பயன் நம்மவரிடத்திலும் உறுதியாயிற்று.

ஆனால், முயலாமலே எடை குறைவது வேறு விஷயம். 60 கிலோ இருந்த முதியவர் ஆறு மாதத்தில் 3 கிலோ இழந்தால், "வயதாகிவிட்டது, மெலிகிறார்" என்று வாளாவிருத்தல் கூடாது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் சிறுநீரில் வெளியேறிக்கொண்டிருக்கலாம். காசநோய் தொற்றியிருக்கலாம், நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். பல் போனதால் மெல்ல முடியாமல் இருக்கலாம். தனியே வாழும் மூதாட்டி தமக்கு மட்டும் ஏன் உலை வைப்பது என்று இருந்திருக்கலாம். காரணம் எதுவாயினும் கண்டறிந்து பரிகாரம் தேடவேண்டும்.

தட்டில் என்ன இருக்கவேண்டும்?

நம் வீடுகளில் தட்டு நிறையச் சோறும், அதன் மேல் குழம்பும், ஓரத்தில் விரலளவு காயும் வைப்பது வழக்கம். இந்த விகிதத்தை மாற்றவேண்டும். தட்டில் பாதி காயும் கீரையும் இருக்கட்டும். கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு பருப்பு, மொச்சை, அவரை, கொள்ளு, முட்டை, மீன் ஆகியவற்றுள் ஒன்று. முருங்கைக் கீரையும் அவரையும் பீர்க்கும் புடலும் நம் புறக்கடையிலேயே விளைபவை. உருளைக் கிழங்கையும் மரவள்ளிக் கிழங்கையும் காய்கறிக் கணக்கில் சேர்த்தல் ஆகாது. அவை சோற்றின் கணக்கைச் சேர்ந்தவை. மரவள்ளி தின்றால் அந்த வேளைச் சோற்றை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

தசையை வளர்ப்பது புரதச் சத்து. 60 கிலோ எடையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், 30 கிராம் பருப்பில் சுமார் 7 கிராம், ஒரு டம்ளர் பாலில் சுமார் 6 கிராம் கிடைக்கும். சோற்றிலும் சிறிது உண்டு. காலையில் கூழும் இரவில் இரசஞ்சோறுமாகக் கழிக்கும் முதியவருக்கு இதில் பாதிகூடக் கிட்டுவது அரிது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மாத்திரம் புரதத்தின் அளவை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

வெல்லம், பனங்கற்கண்டு, தேன் ஆகியவை சர்க்கரைக்கு மாற்று என்று சிலர் நம்புகிறார்கள். மலைத்தேன் சுவை மிக்கதே. ஆயினும் இரத்தத்தை அடைந்தபின் இவையெல்லாம் சர்க்கரையே. பழத்தைச் சாறாக்கிக் குடிப்பதைவிட ஒரு கொய்யாவைக் கடித்துத் தின்பது நல்லது. உப்பு எல்லா வகையிலும் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம். ஊறுகாயையும் கருவாட்டையும் இக்கணக்கில் மறவாதீர்கள்.

சாமையும் வரகும்

கல்வராயன் மலையில் சாமையும் வரகும் தினையும் முன்னோர்களின் அன்றாட ஆகாரமாயிருந்தன. இன்று மலைமேலும் அரிசிச் சோறே முதலிடம் பெற்றுள்ளது. நியாயவிலைக் கடை அரிசி ஏழைகளின் பசியைப் போக்கியது. அதனைக் குறை கூறுவது தகாது. எனினும் பழைய தானியங்களை முற்றிலும் கைவிடுவது நமக்கு நட்டமே. 100 கிராம் அரிசியில் மாவுச் சத்து ஏறக்குறைய 78 கிராம். சாமையில் சுமார் 66 கிராம். நார்ச் சத்தோ சாமையில் அரிசியைப்போல் இரு மடங்குக்கு மேல் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது, இத்தானியங்களின் பெருமையை உலகுக்கு உணர்த்தவே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சாமை மருந்தன்று, அதுவும் மாவுச் சத்துள்ள தானியமே. "சிறுதானியந்தானே" என்று இரண்டு பங்கு உண்டால் பயன் போய்விடும். வெள்ளை வெளேரென்று தீட்டிவிட்டால் நார்ச் சத்தும் தவிட்டோடு போய்விடும். கேழ்வரகை நைய அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அது விரைவில் செரித்துச் சர்க்கரையை உயர்த்தும். முழுத் தானியச் சோறாக, அளவோடு, பருப்பும் காயும் சேர்த்து உண்பதே முறை. சாமை பயிரிடும் குடும்பத்தார் விளைந்ததனைத்தையும் சந்தைக்கு அனுப்பிவிடாமல் வீட்டு முதியவருக்கென்று சிறிது நிறுத்திக்கொள்வார்களாக.

மாத்திரையும் வெறும் வயிறும்

இப்போது நான் சொல்லப்போவதை எல்லோரும் கருத்தூன்றிக் கேட்கவேண்டும். உயிரைப் பற்றிய விஷயம்.

நீரிழிவு மாத்திரைகளுள் சில, உணவு உண்டாலும் உண்ணாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டேயிருக்கும். இன்சுலின் ஊசியும் அவ்வாறே. அவற்றை உட்கொண்டபின் விரதம் என்றோ, வேலை மும்முரம் என்றோ, பசியில்லை என்றோ உண்ணாதிருந்தால் இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கிவிடக்கூடும். அப்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல், தடுமாற்றம் ஆகியவை உண்டாகும். முதியவரிடத்தில் நடுக்கமில்லாமல் குழப்பமும் தூக்கமும் மாத்திரமே தோன்றுவதும் உண்டு. "குடித்திருக்கிறார்" என்றும் "காற்றுக் கருப்பு அடித்துவிட்டது" என்றும் கருதிக் காலத்தைப் போக்கினால் உயிருக்கே ஆபத்து.

நினைவோடிருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரிற் கரைத்து உடனே கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் ஆகாரம் கொடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சில மாத்திரைகளின் வேகம் மீண்டும் மயக்கத்தை உண்டாக்கலாம். நினைவு தவறியிருந்தால் வாயில் எதையும் ஊற்றலாகாது. மூச்சுக் குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்குச் சொல்லுங்கள். மலைக் கிராமங்களில் வண்டி வந்து சேர நேரமாகும். ஆதலால் இந்த முதலுதவியை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருப்பது இன்றியமையாதது. விரதம் இருக்க விரும்புவோர் மாத்திரையை என்ன செய்வதென்று முன்கூட்டியே மருத்துவரைக் கேட்கவேண்டும். தாமாக நிறுத்துவதும் தவறு.

வயதால் மிகவும் தளர்ந்தவர்களுக்குச் சர்க்கரையை இளைஞர்களைப்போல் இறுக்கிப் பிடிக்கவேண்டியதில்லை என்பது இன்றைய மருத்துவர்களின் கருத்து. எவருக்கு எந்த அளவு என்பதை அவரவர் மருத்துவரே சொல்லவேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். அக்காலத்தில் இவ்வகைச் சிகிச்சைக்குப் பட்டணம் போகவேண்டியிருந்தது. நம் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பெற்றது. 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவு மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது; 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதையும் பெற்றது. மருந்து வாயிலைத் தாண்டி வந்துவிட்டது. அடுப்படியில் ஆகவேண்டியதை நாம்தாம் செய்யவேண்டும்.

முதலாவதாக, ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஓர் எடை பார்க்கும் கருவியும் ஓர் அளவு நாடாவும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை முதியோர் தம் எடையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். அக்குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டினால் அவருக்கு அது பேருதவியாகும்.

இரண்டாவதாக, கூட்டங்களில் தேநீரில் சர்க்கரையைக் கலந்தே கொடுக்காமல் தனியே வையுங்கள். பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் வழங்குங்கள். விருந்துகளில் முதியவரின் இலையில் இனிப்பைத் திணிப்பது உபசாரமாகாது.

மூன்றாவதாக, முதியோர் நடப்பதற்கு மேடுபள்ளமில்லாத ஒரு பாதையையும் இடையே அமர ஒரு திண்ணையையும் ஏற்பாடு செய்யுங்கள். உண்டபின் 15 நிமிடம் நடப்பது சர்க்கரையை இறக்கும். திண்ணையில் அமர்ந்து, இயன்றவர் கையூன்றாமல் பத்துமுறை எழுந்து உட்கார்வது தொடைத் தசைக்கு வலுவூட்டும். செருப்பின்றி நடக்கலாகாது; உணர்ச்சி மங்கிய பாதத்தில் தைத்த முள், காலையே இழக்கச் செய்யும்.

நான்காவதாக, தனித்து வாழும் முதியோர் யார் யார், அவர்கள் இன்று உண்டார்களா என்பதை அந்தந்த வார்டு உறுப்பினர் அறிந்திருக்கவேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வைத்துப் பேசினாலே போதும்.

விளைச்சலைப் பெருக்குவதில் நம் விவசாயிகள் காட்டும் திறமை யாவரும் அறிந்தது. எந்தப் பயிருக்கு எப்போது எவ்வளவு நீர் என்பதை அளந்து பாய்ச்சும் கைகள், வீட்டுப் பெரியவரின் தட்டில் எதனை எவ்வளவு வைப்பது என்பதையும் அளந்தறியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்றிரவு உணவு வேளையிலேயே அதனைத் தொடங்குமாறு உங்களை வேண்டிக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.